மாகாணி என்ற சொல்லுக்குள் ஒரு கூட்டல் கணக்கு

அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் ஓர் அறையில் இதைக் கேட்டுப் பாருங்கள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, "அஞ்சுல ரெண்டு" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். 1/2 + 1/3 = 2/5. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2/5 என்பது பாதியை விடக் குறைவு. கையில் அரை இருந்தது, இன்னும் கொஞ்சம் கொடுத்தார்கள், கொடுத்த பிறகு அரையை விடக் குறைந்து போச்சு என்றால் எங்கேயோ இடிக்கிறது.

"தப்பு, மீச்சிறு பொது மடங்கு எடு" என்று சொல்லி நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். அந்தப் பிள்ளைக்கு மடங்கு எடுக்க வந்துவிடும். ஏன் எடுக்கிறோம் என்பது மட்டும் கடைசி வரை வராது. இந்தக் கட்டுரை அந்த "ஏன்" பற்றியது. கணக்கு நோட்டை விட்டு வெளியே வந்து, முட்டை ட்ரே, கிணற்று முறை, பழைய எண்சுவடி, கடைசியாக ஒரு பாகப்பிரிவினை என்று போய்ப் பார்ப்போம்.

முதலில் அந்த 2/5-க்கு நியாயம் செய்துவிடலாம். அதுவும் ஒரு சரியான விடைதான், வேறு ஒரு கேள்விக்கு. முதல் தேர்வில் 2 கேள்வி, ஒன்று சரி. அடுத்த தேர்வில் 3 கேள்வி, ஒன்று சரி. மொத்தத்தில் 5 கேள்விக்கு 2 சரி. இங்கே மேலேயும் கீழேயும் கூட்டலாம், தப்பே இல்லை. காரணம், இரண்டு தேர்வும் இரண்டு தனித்தனி முழுமைகள். அவற்றை ஒன்றாகக் கொட்டி ஒரு பெரிய முழுமை செய்தோம். பின்னங்களைக் கூட்டும்போது நடப்பது அது இல்லை. அங்கே முழுமை ஒன்றேதான். ஒரே நிலத்தில் பாதி, அதே நிலத்தில் மூன்றில் ஒன்று. முழுமை மாறாமல் இருக்கும்போது கீழே உள்ள எண்களை எதற்காகக் கூட்ட வேண்டும்?

முட்டை ட்ரே

நாமக்கல்லில் இதை விளக்கக் கரும்பலகை தேவையில்லை, ஒரு முட்டை ட்ரே போதும். ட்ரேயில் வரிசைக்கு 6 குழி, 5 வரிசை, ஆக 30 முட்டை. அரை ட்ரே என்றால் 15. மூன்றில் ஒரு ட்ரே என்றால் 10. கூட்டினால் 25. முப்பதுக்கு இருபத்தைந்து, அதாவது 5/6. கழித்தால் 15-இல் 10 போக 5. முப்பதுக்கு ஐந்து, அதாவது 1/6. அவ்வளவுதான், கணக்கு முடிந்தது.

இதில் என்ன செய்தோம்? "அரை", "மூன்றில் ஒன்று" என்ற இரண்டு வேறு வேறு துண்டுகளை, முட்டை என்ற ஒரே துண்டால் எண்ணினோம். 15 முட்டையையும் 10 முட்டையையும் கூட்ட யாரும் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. பின்னத்தில் கீழே இருக்கும் பகுதி என்பது துண்டின் பெயர். மேலே இருக்கும் தொகுதி என்பது துண்டுகளின் எண்ணிக்கை. 3 லிட்டரையும் 2 படியையும் கூட்டி 5 என்று எழுத மாட்டோம், ஏதாவது ஒன்றுக்கு மாற்றிய பிறகுதான் கூட்டுவோம். வேற்றினப் பின்னங்களை ஓரினமாக்குவது என்று பாடப்புத்தகம் சொல்வதும் இந்த மாற்றுதலைத்தான்.

30 இதற்கு ஏன் வசதியாக இருக்கிறது? 2, 3, 5 மூன்றும் மிச்சமில்லாமல் அதை வகுக்கும். ஆனால் கால் ட்ரே கேட்டால் சிக்கல்: ஏழரை முட்டை! கால் பங்கும் கணக்குக்குள் வர வேண்டும் என்றால் இரண்டு ட்ரேயை, அதாவது 60 முட்டையை, முழுமையாக வைத்துக்கொள்ள வேண்டும். 60-இல் கால் 15, மூன்றில் ஒன்று 20, ஐந்தில் ஒன்று 12. பாபிலோனியர்கள் எண்களையே அறுபது அறுபதாக எழுதியதும், அந்த வழியாக வந்த நமது மணிக்கு 60 நிமிடமும் இதே வசதியைத்தான் தருகின்றன.

கிணற்று முறை

அடுத்து கிணறு. நாமக்கல், சேலம் பக்கத்துப் பழைய பத்திரங்களில், பூமியோடு சேர்த்துப் பொதுக் கிணற்றில் இத்தனையில் இத்தனை பங்கு என்று எழுதியிருக்கும். தண்ணீர் இறைப்பது முறை வைத்து. ஒருவருக்குக் கிணற்றில் 1/4 பங்கு. பங்காளியிடமிருந்து இன்னொரு 1/6 பங்கை வாங்குகிறார். இப்போது அவருக்கு எவ்வளவு?

ஒரு நாளின் 24 மணி நேரத்தை முழுமையாக வையுங்கள். கால் பங்குக்கு 6 மணி, ஆறில் ஒரு பங்குக்கு 4 மணி, மொத்தம் 10 மணி. 10/24, சுருக்கினால் 5/12.

இங்கே 24 எங்கிருந்து வந்தது? 4-ஐ 6-ஆல் பெருக்கினாலும் 24 வரும். பகுதிகளை ஒன்றோடொன்று பெருக்கினால் ஒரு பொதுப் பகுதி எப்போதும் கிடைத்துவிடும், தோற்கவே தோற்காது. எண்கள் மட்டும் வீங்கும். 4, 6 இரண்டுக்கும் 12-ஏ போதும்: 3/12 + 2/12 = 5/12. எண்களை வீங்கவிடாமல் இருப்பதற்கான சிக்கனம்தான் மீச்சிறு பொது மடங்கு. சரியான விடை வர அது கட்டாயமில்லை. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டாலே பாதிப் பயம் போய்விடும்.

இந்தச் சிக்கனத்தைப் பெயரிட்டுச் சொன்னவர்களில் முன்னோடி மகாவீரர். ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், சுமார் 850-இல், கன்னட நாட்டில் இருந்த சமணக் கணித அறிஞர். தம்முடைய கணித சார சங்கிரகத்தில் மீச்சிறு பொது மடங்கை 'நிருத்தம்' என்று குறிப்பிட்டு, பின்னங்களைச் சமப்பகுதிக்குக் கொண்டுவர அதைப் பயன்படுத்துகிறார்.

எண்சுவடி செய்த வேலை

இனி நம்முடைய பழைய முறைக்கு வருவோம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். முழு எண்கள் மேல்வாய் இலக்கம், பின்னங்கள் கீழ்வாய் இலக்கம். கீழ்வாயில் ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப் பெயர், தனிக் குறி. (அந்தக் குறிகள் 2019-இல் யூனிகோடிலும் ஏறிவிட்டன.) முக்கியமானவை இவை:

கால் = 1/4 = 80 முந்திரி
நாலுமா = 1/5 = 64 முந்திரி
மூன்றுமா = 3/20 = 48 முந்திரி
அரைக்கால் = 1/8 = 40 முந்திரி
இருமா = 1/10 = 32 முந்திரி
மாகாணி = 1/16 = 20 முந்திரி
மா = 1/20 = 16 முந்திரி
அரைமா = 1/40 = 8 முந்திரி
காணி = 1/80 = 4 முந்திரி
அரைக்காணி = 1/160 = 2 முந்திரி
முந்திரி = 1/320

கடைசியாக உள்ள முந்திரி கணக்குகளை நான் சேர்த்திருக்கிறேன், விஷயம் புரிய வேண்டும் என்பதற்காக. பட்டியலில் உள்ள எல்லாப் பின்னமும் முந்திரியின் முழு மடங்கு. 320 முந்திரி ஒரு முழுமை. அதாவது பொதுப் பகுதியை ஒவ்வொரு கணக்குக்கும் தேட வேண்டாம், மொழியே அதை ஒரு தடவை தேடி வைத்துவிட்டது. முட்டை ட்ரேயில் 30 குழி மாதிரி, இங்கே 320 குழி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முக்காலும் மூன்றுமாவும் சேர்ந்தால்? 240 + 48 = 288 முந்திரி, அதாவது 9/10. காலில் நாலுமா போனால்? 80 − 64 = 16 முந்திரி, அதாவது ஒரு மா. நம் எழுத்தில் இது 1/4 − 1/5 = 1/20.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இரண்டு குடும்பங்கள் தெரியும். ஒன்று பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போவது: அரை, கால், அரைக்கால், மாகாணி. இன்னொன்று இருபதாக வெட்டுவது: மா, இருமா, மூன்றுமா, நாலுமா. முதல் குடும்பத்தின் கடைசி 1/16. இரண்டாவதன் அடிப்படை 1/20. 16, 20 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு என்ன? 80. எண்பதில் ஒன்றுக்கு என்ன பெயர்? காணி. இரண்டு குடும்பமும் சந்திக்கும் இடம் அது.

இப்போது 'மாகாணி' என்ற சொல்லைப் பிரியுங்கள். மா + காணி. இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும். ஒரு மாவுக்கு 4 காணி. அதோடு ஒரு காணி சேர்ந்தால் 5 காணி. 5/80, அதாவது 1/16. வேறு வேறு பகுதி கொண்ட இரண்டு பின்னங்களின் கூட்டல் ஒரு சொல்லாகவே மாறி நின்றுவிட்டது. எண்சுவடி படித்த பிள்ளை 'மாகாணி' என்று சொல்லும்போதே அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறது.

இது ஏட்டில் மட்டும் இருந்த கணக்கு இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வேலிக்கு 20 மா. அங்கே இன்றும் நிலத்தை மா கணக்கில் சொல்பவர்கள் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் நில அளவு முந்திரியோடு நிற்பதில்லை. முந்திரியையே ஒரு முழுமையாக வைத்து அதை மறுபடியும் 320 ஆக வெட்டி, கீழ்முந்திரி வரை இறங்குகிறார்கள். 320 × 320, ஆக 1,02,400-இல் ஒன்று.

மூன்றுக்கு இடமில்லை

320 எல்லாவற்றையும் தாங்குமா? தாங்காது. 320-ஐ மூன்றால் வகுத்தால் 106, மிச்சம் 2. மூன்றில் ஒன்றை முந்திரியால் எண்ண முடியாது. கீழ்முந்திரிக்கு இறங்கினாலும் 1,02,400 மூன்றால் வகுபடாது. 320-இன் உள்ளே இருப்பவை 2-உம் 5-உம் மட்டும்தான். எத்தனை முறை இறங்கினாலும் 3 வந்து சேராது.

பழைய ரூபாயில் இது நேர்மாறு. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. ஒரு ரூபாய் 192 தம்படி. மூன்றில் ஒரு ரூபாய் 64 தம்படி, அதாவது 5 அணா 4 தம்படி, சுத்தமாக வரும். ஆனால் ஐந்தில் ஒரு ரூபாய் வராது.

1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா ஆனது. இப்போது ஐந்தில் ஒன்று 20 பைசா, பிரச்சினை இல்லை. ஆனால் மூன்றில் ஒன்று போச்சு. மாகாணியும் போச்சு: ஓரணா என்பது ரூபாயில் 1/16, புதுக் கணக்கில் ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லை. அதனால் மாற்று அட்டவணையில் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூணணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று வைத்தார்கள். நாலணாவை மொத்தமாக மாற்றினால் 25 பைசா. ஓரணா ஓரணாவாக நாலு தடவை மாற்றினால் 24. ஒரு பைசா காணாமல் போகிறது. யாரும் ஏமாற்றவில்லை. 16-க்கும் 100-க்கும் பொதுப் பகுதி 400, கையில் இருந்ததோ 100.

எந்த அலகைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்குள் சில பங்குகள் பொருந்தும், சில பொருந்தாது. பொருந்தாத பங்கு யாருடையதோ அவருக்குத்தான் நஷ்டம்.

ஒரு பாகப்பிரிவினை

இதுவரை பார்த்ததை வைத்து ஒரு பெரிய கணக்குப் போடலாம். பூர்வீகச் சொத்து 4 ஏக்கர் 80 சென்ட், அதாவது 480 சென்ட். குடும்பத்தில் அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிடுகிறார்.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பழைய 6-வது பிரிவின்படி இரண்டு படி. முதல் படி: அப்பா இறப்பதற்குச் சற்று முன் பாகம் பிரித்ததாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். பங்காளிகள் அப்பாவும் இரண்டு மகன்களும் மட்டும். மகள் கணக்கில் இல்லை. தென்னாட்டு வழக்கத்தில் மனைவிக்கும் இந்தப் படியில் தனிப் பங்கு கிடையாது. ஆளுக்கு 1/3. இரண்டாம் படி: அப்பாவின் 1/3 மட்டும் வாரிசுகள் நால்வருக்கும் சமமாகப் போகும். ஆளுக்கு 1/12.

மகனுக்கு மொத்தம் எவ்வளவு? 1/3 + 1/12. மேலேயும் கீழேயும் கூட்டினால் 2/15, அதாவது 64 சென்ட். வெறும் 1/3-ஏ 160 சென்ட் ஆயிற்றே! சரியாகப் போட்டால் 4/12 + 1/12 = 5/12, 200 சென்ட். மகளுக்கும் அம்மாவுக்கும் 1/12 மட்டும், தலா 40 சென்ட். சரிபார்க்கலாம்: 5 + 5 + 1 + 1 = 12.

சட்டம் மாறியது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணமாகாதிருந்த மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும், திருமணமானாலும் ஆகாவிட்டாலும் மகள் பங்காளி. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று தெளிவாக்கியது.

புதுக் கணக்கைப் பாருங்கள். பங்காளிகள் நால்வர், ஆளுக்கு 1/4. அப்பாவின் 1/4 அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் போகும், ஆளுக்கு 1/16. நம்ம மாகாணி! பிள்ளை ஒவ்வொருவருக்கும் 1/4 + 1/16 = 5/16, அதாவது 150 சென்ட். அம்மாவுக்கு ஒரு மாகாணி, 30 சென்ட். 5 + 5 + 5 + 1 = 16, சரி.

மகளுக்கு எவ்வளவு கூடியது? 5/16 − 1/12. இங்கே 16-உம் 12-உம் மோதுகின்றன. இரண்டுக்கும் பொது 48. 15/48 − 4/48 = 11/48. நிலத்தில் 110 சென்ட், ஒரு ஏக்கருக்கும் மேல். அது எங்கிருந்து வந்தது? மகன் ஒவ்வொருவருக்கும் 5/12 − 5/16 = 20/48 − 15/48 = 5/48 குறைகிறது. அம்மாவுக்கு 4/48 − 3/48 = 1/48 குறைகிறது. 5 + 5 + 1 = 11. ஒரு பக்கம் கூடியதும் மற்ற பக்கம் குறைந்ததும் அப்படியே பொருந்துகின்றன. 48 என்ற அலகுக்கு மாற்றாமல் இதைக் கண்ணால் பார்க்கவே முடியாது.

(இது கணக்குக்காக எடுத்த எளிய குடும்பம். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில், முறைப்படி ஏற்கெனவே முடிந்த பாகப்பிரிவினை என்று வந்தால் படிகள் மாறும். அதற்கு வக்கீலைப் பாருங்கள்.)

நான் இந்தக் கணக்கை இவ்வளவு தூரம் இழுத்ததற்குக் காரணம் உண்டு. ஊர்ப்பக்கம் பல குடும்பங்களில் அக்கா தங்கச்சிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். "உனக்கு வர்றதே கொஞ்சம்தான், அதுல என்ன இருக்கு" என்பார்கள். 5/16 என்று காகிதத்தில் பார்த்தால் நிஜமாகவே கொஞ்சம் மாதிரிதான் இருக்கும். 480 சென்டுக்கு 150 என்று பார்த்தால் அப்படி இருக்காது. விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கையெழுத்துப் போடுவதற்கு ஆறாம் வகுப்புக் கணக்கு போதும்.

பத்திரமோ பாகப்பட்டியலோ கையில் வந்தால் இரண்டு வேலை செய்யுங்கள். எல்லாப் பங்குகளுக்கும் ஒரு பொதுப் பகுதி கண்டுபிடித்து, அதே பகுதியில் ஒவ்வொருவர் பங்கையும் வரிசையாக எழுதுங்கள். பிறகு மேலே உள்ள எண்களை மட்டும் கூட்டுங்கள். கூட்டியது கீழே உள்ள எண்ணுக்குச் சமமாக வர வேண்டும். குறைந்தால் யாரோ ஒருவர் பங்கு விட்டுப்போயிருக்கிறது. அது யாருடையது என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள்.